புகைக்குக் காவல் இருந்தவர்கள்

குளுவாங் என்றதும் வெளியூர்க்காரர்கள் கோப்பியைத்தான் சொல்வார்கள். ரயில் நிலையத்துக் கோப்பிக்கடை 1938 முதல் நடக்கிறது. கரியடுப்பில் வாட்டிய ரொட்டிக்காகவே சிங்கப்பூரிலிருந்து காரெடுத்து வருகிறவர்கள் உண்டு. ஆனால் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால் வேறொரு வாசனையைச் சொல்வார்கள். ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் வாசனை. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கரி, கொஞ்சம் கருவாடு. சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்கும் போகாது.

இந்த ஊரே அந்தப் புகையின் பலன்தான். ஜொகூர் ரயில் பாதை 1909இல் முடிந்து, கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை வண்டி ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. பாதையின் இரு பக்கமும் காடுகள் விழுந்தன, தோட்டங்கள் எழுந்தன. 1915இல் குளுவாங் மத்திய ஜொகூரின் நிர்வாக மையமாக ஆக்கப்பட்டது. நியோர், பாலோ, ரெங்கம், லாயாங் லாயாங் என்று ஸ்டேசன்தோறும் இறங்கிய நம்மாட்கள் மரம் வெட்டினார்கள், கன்று நட்டார்கள், பிறகு பால் வெட்டினார்கள். அந்தப் பாலை ரயிலில் ஏற்றுகிற சரக்காக மாற்றியது புகை.

இதையெல்லாம் நான் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் தங்கை மகன் வீட்டில் இறைச்சியைப் புகைபோட 'பெல்லட் கிரில்' ஒன்று வாங்கப்போகிறான். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரித்து, மின்சாரத்தில் தானே சூட்டைப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்க அடுப்பு. நான்கு மாடல்களின் படத்தை அனுப்பி, "மாமா, எதை எடுக்கலாம்? தாத்தா ஸ்மோக் அவுஸ்ல வேலை செஞ்சவருதானே, உங்களுக்குத் தெரியும்லா" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த அடுப்பு செய்கிற வேலையைத்தான் என் அப்பா ஒரு தோட்டத்தில் பல வருஷம் செய்தார்.

அமேசானிலிருந்து வந்த பழக்கம்

ரப்பரைப் புகைபோடுவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததில்லை. அமேசான் காடுகளில் பால் எடுத்தவர்கள் பனை வகைக் கொட்டைகளை எரித்து, எழும் அடர்ந்த புகையில் ஒரு கழியைப் பிடிப்பார்கள். கழியின் மேல் பாலை ஊற்றி, சுழற்றி, ஒரு படலம் இறுகியதும் அடுத்த படலம். அப்படியே பெரிய உருண்டையாகும் வரை. பிரேசிலின் பாரா துறைமுகத்திலிருந்து போன இந்தப் புகை உருண்டைகள்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் உயர்ந்த ரப்பர்.

1876இல் ஹென்றி விக்காம் ஏறக்குறைய 70,000 விதைகளை அமேசானிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் தினம் பால் எடுக்கும் முறையைச் செப்பம் செய்தார். கதையின் இந்தப் பகுதியைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மரம் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். மரத்தோடு புகையும் வந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

புகை ஏன் வேண்டியிருந்தது என்றால், நம் காற்றின் ஈரம். பாலில் அமிலம் கலந்து உறையவைத்து, உருளைகளுக்கிடையே பிழிந்து எடுத்த ஷீட்டில் இன்னும் நீர் இருக்கும். புரதமும் சர்க்கரையும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சும்மா நிழலில் தொங்கவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். கப்பலில் பல வாரம் போய் லண்டனில் பிரிக்கும்போது பச்சை பச்சையாக முளைத்திருந்தால் விலை போகுமா? விறகுப் புகையில் பீனால்களும் அமிலங்களும் ஆல்டிஹைடுகளும் இருக்கின்றன. அவை ஷீட்டின் மேல் படிந்து பூஞ்சையை அண்டவிடாமல் செய்கின்றன. அடியிலிருக்கும் சூடு நீரை விரட்டுகிறது. கருவாட்டையும் இறைச்சியையும் புகையில் தொங்கவிட்ட எல்லா நாட்டு மக்களும் கண்டுகொண்ட அதே விஷயம்தான். வேதியியலுக்கு ரப்பரென்றும் ஆட்டுத்தொடையென்றும் பேதமில்லை.

ஷீட்டில் வரிவரியாகக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கடைசி உருளையில் பள்ளம் வெட்டியிருப்பார்கள். வரி விழுந்தால் பரப்பு கூடும், புகையும் சூடும் சீக்கிரம் உள்ளே போகும், ஒன்றோடொன்று ஒட்டாது. அதனால்தான் உலகச் சந்தையில் அதற்கு 'வரியிட்ட புகை ஷீட்' என்று பொருள்படும் பெயர். ஆர்.எஸ்.எஸ். ஒன்று, இரண்டு என ஐந்து வரை தரம். தரம் பார்ப்பது கருவியால் இல்லை, கண்ணால். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கொப்புளம் உண்டா, வெள்ளைத் திட்டு உண்டா, கருகல் உண்டா, பூஞ்சை உண்டா என்று பார்ப்பார்கள். அந்தக் குறைகளில் பாதிக்கும் மேல் புகைபோட்ட இடத்தில் நிகழ்பவை.

கையில் இருந்த வெப்பமானி

மலாயில் 'ரூமா ஆசாப்' என்பார்கள், புகை வீடு. நம்மவர்கள் ஸ்மோக் அவுஸ் என்றே சொன்னார்கள். ஸ்டோருக்குப் பின்னால், லயத்துக்குக் காற்று அடிக்காத பக்கமாகப் பார்த்துக் கட்டியிருப்பார்கள். உயரமான கட்டடம், ஜன்னல் கிடையாது, கூரையில் திறந்து மூடுகிற காற்றுவழி. உள்ளே வரிசை வரிசையாக மூங்கில் கழிகளில் ஷீட் தொங்கும். கீழே தீக்குழி. தீக்குழிக்கு மேலே ஓர் இரும்புத் தகடு. மேலேயிருந்து ஷீட் நழுவித் தீயில் விழுந்தால் கட்டடமே போய்விடும், அதற்காக. சூடு ஒரே இடத்தில் குத்தாமல் பரவுவதற்கும் அதுதான்.

எரிப்பது ரப்பர் விறகு. இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டிப் புதுக்கன்று நடுவார்கள். வெட்டிய மரம் ஸ்மோக் அவுஸுக்கு வரும். உயிரோடு இருக்கையில் பாலைக் கொடுத்த மரம், செத்த பிறகு அந்தப் பாலைப் புகைத்தும் கொடுத்தது.

புகைபோட நான்கு நாளிலிருந்து ஆறு நாள் வரை ஆகும். முதல் நாள் காற்றுவழியைத் திறந்துவைத்து 40 டிகிரியை ஒட்டி மெதுவாக. ஈரம் வெளியே போக வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூடி, சூட்டை ஏற்றிக் கடைசியில் 60 டிகிரி. அதற்கு மேல் போனால் ஷீட்டுக்குள் கொப்புளம் கிளம்பும். கீழே போனால் நடுவில் வெள்ளையாகக் காயாமல் நிற்கும், பூஞ்சை பிடிக்கும். இந்த இருபது டிகிரிக்குள் தீயை இரவும் பகலும் நிறுத்துவதுதான் வேலை. தீ கொழுந்துவிட்டு எரியக் கூடாது. அணையவும் கூடாது.

இரவில் இரண்டு மூன்று முறை அப்பா எழுந்துபோவார். சுவரில் வெப்பமானி ஒன்று தொங்கியது. அதை அவர் பார்த்து நான் கண்டதில்லை. கதவை ஒரு சாண் திறந்து புறங்கையை நீட்டுவார். அப்புறம் புகையின் நிறத்தைப் பார்ப்பார். ஒருமுறை நான் வெப்பமானியைக் காட்டிக் கேட்டதற்குச் சொன்னார்: "அது தொரை வந்தா காட்டறதுக்கு. சூடு கையில தெரியும். எவ்ளோ கொறஞ்சிருக்கு, எவ்ளோ நேரமா கொறஞ்சிருக்கு, எவ்ளோ வேகமா ஏறுது. இந்த மூணும் தெரிஞ்சா விறகு எத்தனன்னு தெரியும்."

இந்த மூன்று கேள்விகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

தோட்ட வாழ்க்கையைப் பற்றிய நம் எழுத்தில் பால் மரமும் பால் வெட்டும் நிறையவே இருக்கின்றன. அகிலன் மலேசியத் தோட்டங்களை வைத்து எழுதிய நாவலின் பெயரே 'பால்மரக் காட்டினிலே'. விடியற்காலைப் பெரட்டு, மங்கு, வாளி, காண்டா கம்பு எல்லாம் கதைக்குள் வந்துவிட்டன. நான் படித்த வரையில் ஸ்மோக் அவுஸ் ஓரமாகத்தான் நிற்கிறது. பால் வெட்டுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், புகைக்குக் காவல் இருந்தவர்கள் தோட்டத்துக்கு ஓரிருவர். அவர்கள் வேலை செய்ததும் எல்லாரும் தூங்கும் நேரத்தில். கண்ணில் படாத வேலை கதையில் எப்படி வரும்?

அடுப்புக்கு மேலே கயிறு

இறைச்சிக்கு வருவோம். கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி பொருநராற்றுப்படையிலேயே வருகிறது, கரிகாலன் வீட்டு விருந்தில். அது தீயில் நேராகச் சுட்டது. நாள்பட வைத்துச் சாப்பிட நம்மிடம் இருந்தது உப்புக்கண்டம். ஆட்டிறைச்சியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைப்பது. ராமநாதபுரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் அது சரி. அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. குளுவாங்கில் மத்தியானம் இரண்டு மணிக்கு வானம் கறுத்தால் மூன்று மணிக்கு இடி. காலையில் காயப்போட்டதை மாலையில் நனையாமல் எடுத்தால் அதிர்ஷ்டம்.

அதனால் எங்கள் லயத்தில் கயிறு வெயிலிலிருந்து அடுப்புக்கு மேலே இடம் மாறியது. ரப்பர் விறகு எரியும் அடுப்பு, மேலே கம்பியில் தொங்கும் இறைச்சி. காட்டுப்பன்றி கிடைத்தால் காட்டுப்பன்றி, தீபாவளிக்குப் பிறகு மிச்சமானால் ஆடு, ஆற்றில் பிடித்த கெளுத்தி. அதற்கு நாங்கள் சொன்ன பெயர் உப்புக்கண்டம்தான். ருசி மட்டும் ஊரில் பாட்டி செய்ததைப் போல இருக்காது. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள் செய்த 'சலாய்' போல இருக்கும். நெகிரி செம்பிலானில் சலாய் இறைச்சியைத் தேங்காய்ப்பாலும் சிலி பாடியும் போட்டுச் சமைப்பார்கள், மலேசியா முழுக்கப் பிரபலம். நம்மாட்கள் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிரட்டினார்கள். பேர் தஞ்சாவூர், புகை மலாயா.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புகை மட்டும் இறைச்சியைக் காப்பாற்றாது. காப்பாற்றியது உப்பும், நீர் வற்றியதும்தான். புகை அவற்றுக்குத் துணை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் பெருகும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. ரப்பர் ஷீட்டுக்கு 50 டிகிரியில் நான்கு நாள் என்பது சரியான முறை. உப்பில்லாத பெரிய இறைச்சித் துண்டை அப்படித் தொங்கவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் வழி. மெல்லிய கீற்றாக அரிந்ததும் உப்பை அள்ளித் தடவியதும் ருசிக்காக மட்டும் செய்ததில்லை.

ஸ்மோக் அவுஸ் போன வழி

1965இல் மலேசிய ரப்பருக்கென ஒரு புதிய தர முறை வந்தது. கண்ணால் பார்த்துத் தரம் சொல்வதை விட்டு, ஆய்வுக்கூடத்தில் அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று அளந்து சான்றிதழ் கொடுக்கும் முறை. ரப்பரைச் சிறு துகளாக்கி, எந்திரத்தில் வெப்பக்காற்று விட்டு, சில மணி நேரத்தில் உலர்த்தி, கட்டியாக அழுத்தி, பிளாஸ்டிக் சுற்றி அனுப்பலாம். ஆறு நாள் புகை வேண்டாம். வாங்குகிற டயர் கம்பெனிக்கும் அது வசதி. புகை ஷீட் ஒரேயடியாகச் சாகவில்லை, இன்றும் தாய்லாந்தில் நிறையச் செய்கிறார்கள். ஆனால் இங்கே அதன் காலம் இறங்கத் தொடங்கிவிட்டது.

மறுபக்கம் செம்பனை. வெட்டிய ரப்பருக்குப் பதிலாகச் செம்பனைக் கன்று வந்தது. 1990 வாக்கில் நாட்டில் செம்பனைப் பரப்பு ரப்பரை முந்திவிட்டது. இன்று குளுவாங்கிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் செம்பனைதான். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம், ஸ்மோக் அவுஸ் வேண்டவே வேண்டாம். பிறகு நிலம் வீடமைப்புக்குப் போனது. லயத்தை விட்டு வந்தவர்கள் தாமான்களில் மலிவு வீடுகளுக்குக் குடியேறினார்கள். நாங்களும்தான். எங்கள் தோட்டத்து ஸ்மோக் அவுஸ் கொஞ்ச நாள் உரமூட்டை வைக்கும் கிடங்காக இருந்தது. அப்புறம் கூரைத் தகரம் போனது, பிறகு சுவர் போனது.

ரப்பர் மரத்துக்கு மட்டும் யோகம் அடித்தது. விறகாக எரிந்த மரம் 1980களிலிருந்து மேசை நாற்காலியாகிக் கப்பலேறியது. ஜொகூரில் மூவார் அந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். இதற்கு ஒரு தடை இருந்தது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிச் சில நாளில் வண்டு துளைக்கும், நீலப்பூஞ்சை படரும். அறுத்த பலகையைப் போரான் உப்புக் கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊறவைத்து, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான் பலகை நின்றது. இந்தப் போரான் விஷயம் என் தங்கை மகனுக்கு மிக முக்கியம். கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

எண்ணெய் விலை ஏறியதில் பிறந்த அடுப்பு

1970களில் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் வீட்டைச் சூடாக்க மாற்று எரிபொருள் தேடினார்கள். மர ஆலைகளில் குவிந்து கிடந்த மரத்தூளை உயர் அழுத்தத்தில் துளை வழியாகத் தள்ளினால் பென்சில் தடிமனில் குச்சிகள் கிடைத்தன. பசை வேண்டாம், சூட்டில் இளகும் மரத்தின் லிக்னினே ஒட்டிக்கொள்ளும். ஓரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் என்பவர் இந்தக் குச்சியை வைத்து இறைச்சி சுடும் அடுப்பைச் செய்து 1986இல் காப்புரிமை பெற்றார். அந்தக் காப்புரிமை 2006இல் முடிந்தது. அதன் பிறகுதான் பல கம்பெனிகள் இறங்கின, விலை கொஞ்சம் இறங்கியது, கடைசியில் ஜொகூர் பாருவரை வந்தது.

உள்ளே இருப்பது பெரிய வித்தையில்லை. ஓரத்தில் குச்சி கொட்டும் தொட்டி. அடியில் சுழலும் திருகு, இடியாப்ப அச்சுக்குள் திருகு இறங்குவது போல, குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும். பற்றவைக்கச் சூடேறும் கம்பி. காற்றூத ஒரு மின்விசிறி. தீக்கிண்ணத்துக்கு மேலே ஓர் இரும்புத் தகடு, அதற்கு மேல் கொழுப்பு வடியும் தட்டு, அதற்கும் மேல் கிராதி. எங்கள் தீக்குழியும் அதன் மேலிருந்த தகடும் சின்னதாகி உட்கார்ந்திருப்பது போலத்தான் எனக்குப் பட்டது.

மூளை என்பது கட்டுப்பாட்டுப் பெட்டி. பழைய, மலிவான பெட்டிகள் சூடு எப்படியிருந்தாலும் 'இத்தனை விநாடி தள்ளு, இத்தனை விநாடி நிறுத்து' என்று கடிகாரம் போல ஓடும். மழைக்காற்று அடித்தால் 20 டிகிரி இறங்கும், வெயில் ஏறினால் 20 டிகிரி ஏறும். நல்ல பெட்டிகளில் 'பி.ஐ.டி.' என்ற முறை இருக்கிறது. அது மூன்றைக் கணக்கிடும். வைத்த சூட்டுக்கும் இப்போதைய சூட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம். அந்த வித்தியாசம் எவ்வளவு நேரமாகச் சேர்ந்திருக்கிறது. எவ்வளவு வேகமாக மாறுகிறது. இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்து எத்தனை குச்சி தள்ளலாம் என்று முடிவெடுக்கும். இதைக் கணக்காக எழுதிக்காட்டியவர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, 1922இல், அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் சுக்கானைத் தானாக நிறுத்துவதற்காக.

அப்பா கதவிடுக்கில் புறங்கையை நீட்டிக் கேட்டுக்கொண்ட மூன்று கேள்விகளும் இவைதான்.

குளுவாங்குக்கு எது தோதுப்படும்

இனி மருமகனுக்கு நான் சொன்ன பதில். வரலாறு கேட்டவனுக்கு வேலைக்கு ஆகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டுமே.

முதலில் கட்டுப்பாட்டுப் பெட்டி. பளபளப்பு, கைப்பேசிச் செயலி, சக்கரம் எதையும் முதலில் பார்க்காதே, பி.ஐ.டி. உண்டா என்று பார். ஒன்றை எதிர்பார்த்துக்கொள்: சூடு எவ்வளவு சீராக நிற்கிறதோ அவ்வளவு சுத்தமாக எரியும், புகை ருசி மெலிதாகத்தான் ஏறும். 110 டிகிரிக்குக் கீழே வைத்தால் புகை கூடும். சில அடுப்புகளில் வேண்டுமென்றே சூட்டை ஏற்றியிறக்கிப் புகை கூட்டும் நிலை உண்டு. லயத்து அடுப்பின் காரப் புகை வேண்டுமென்றால் இந்த அடுப்பு கொடுக்காது. அதற்கு எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பும், இரவு முழுக்க விழித்திருக்க ஓர் ஆளும் வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 240. அங்கிருந்து யாராவது பழையதை மலிவாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம். இங்கே விற்க வந்த, மூன்று பின் பிளக்குள்ள மாடலாகப் பார். பற்றவைக்கும் சில நிமிஷம்தான் மின்சாரம் கூடுதல். அப்புறம் விசிறியும் திருகும் ஓட ஒரு பல்பு அளவு போதும். ஆனால் இடியில் மின்சாரம் போனால் தீ அணையும். அதனால் நீ வீட்டிலிருக்கும் நாளில் மட்டும் போடு.

மூன்றாவது, ஈரம். இதுதான் நம் ஊருக்கே உரியது. குச்சியில் நீர் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். நம் காற்றில் மூட்டையைத் திறந்துவைத்தால் சில நாளில் உப்பிப் பழையபடி மரத்தூளாகிவிடும். தொட்டியில் மிச்சம் வைத்துவிட்டு மறுவாரம் வந்தால் திருகில் களிமண் போல இறுகியிருக்கும். சமைத்து முடித்ததும் தொட்டியை அடியிலிருந்து காலி செய்யும் கதவு உள்ள அடுப்பாக எடு. குச்சியை அரிசி டின் போல இறுக மூடும் டப்பாவில் வை. மெதுவான சூட்டில் மணிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ ஆகும். 8 கிலோ தொட்டி ஒரு பகலுக்குத் தாங்கும். தகரம் தடியாக இருக்கட்டும், முன்தாழ்வாரக் கூரைக்கு அடியில் வை, சுவரிலிருந்து தள்ளி.

நான்காவது, குச்சி. இங்கேதான் போரான். உள்ளூரில் மரத்தூள் குச்சி மலிவாகக் கிடைக்கும். ஆலைக் கொதிகலனுக்காகச் செய்தவை. அதில் மேசை நாற்காலி ஆலைத் தூள் கலந்திருக்கலாம்: மருந்தேற்றிய பலகை, ஒட்டுப்பலகைப் பசை, சாயம். "மாமா, ரப்பர் மரம்தானே, தாத்தா எரிச்சதுதானே" என்று அவன் கேட்டான். இல்லை. தாத்தா எரித்தது தோட்டத்தில் விழுந்து காய்ந்த மரம். ஆலை வழியாக வந்த ரப்பர் மரம் வேறு பொருள். உணவு சமைக்கவென்றே செய்து, என்ன மரம் என்று எழுதி, வேறெதுவும் கலக்கவில்லை என்று உறுதி சொல்லும் மூட்டையை மட்டும் வாங்கு. அடுப்பில் மிச்சம் பிடித்தாலும் பிடி, குச்சியில் பிடிக்காதே.

ஐந்தாவது, என்ன சமைக்கப்போகிறாய்? அமெரிக்கக் காணொளிகளில் எல்லாம் மாட்டு நெஞ்சுக்கறி. நம் வீட்டில் மாடு நுழையாது. வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு. அவர்கள் சொல்கிற பன்னிரண்டு மணி நேரத்தை அதில் செய்தால் காலணித் தோல்தான். தோள்பட்டையை எடுத்து, நான்கு மணி நேரம் புகைவிட்டு, வாழையிலையில் இறுகச் சுற்றி, உட்சூடு 90 டிகிரியைத் தாண்டும்வரை வை. நடுவில் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் நிற்கும். பயப்படாதே, வியர்வை காய்ந்து உடம்பு குளிர்வது போல இறைச்சியின் மேற்பரப்பு குளிர்கிறது. கோழி 74 டிகிரிக்கு வர வேண்டும். கடைசியில் அடுப்பை 200க்கு ஏற்றினால்தான் தோல் மொறுமொறுப்பாகும். இவற்றைக் கையால் பார்க்க உனக்கு வராது, உள்ளே குத்தும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்.

ஆறாவது, பக்கத்து வீடு. தாமானில் சுவருக்குச் சுவர் வீடு. பன்றி போடுவதென்றால் மலாய்க் குடும்பத்தின் ஜன்னல் எந்தப் பக்கம் என்று யோசி. அவர்கள் மாடு சுடும்போது நம் வீட்டை யோசிக்கிறார்கள். கோழிக்கும் ஆட்டுக்கும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஒரு தட்டு கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது.

கடைசியாக உடம்பு. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகைபோட்டும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. கொழுப்பு தீயில் சொட்டி எழும் கரும்புகையில்தான் கெடுதல் அதிகம். உணவுத் தரத்துக்கான சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் 2009இல் இதற்கென நடைமுறையே வகுத்தது. கொழுப்பு தீயில் விழவிடாதே, மருந்தேற்றிய மரத்தை எரிக்காதே என்பவை அதன் சாரம். பெல்லட் அடுப்பின் தகடும் தட்டும் முதலாவதைப் பார்த்துக்கொள்கின்றன, இரண்டாவது உன் கையில். மாதம் ஒருநாள் போதும், வாரம் தோறும் வேண்டாம்.

எண்ணப்படாத வேலை

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் நான்கில் நடுத்தர விலை அடுப்பொன்றைத் தேர்ந்தெடுத்தான். மலிவானதற்கும் அதற்கும் ஏன் அத்தனை விலை வித்தியாசம் என்று விற்பனையாளரிடம் கேட்டிருக்கிறான். பெட்டியைத் தட்டிக்காட்டி, "இதுக்குத்தான் காசு" என்றாராம்.

நான் அதிலேயே நின்றுவிட்டேன். தோட்டக் கணக்குப் புத்தகத்தில் பால் வெட்டுகிறவருக்கு எடை உண்டு, எத்தனை பவுண்டு கொண்டுவந்தார் என்று கிராணி எழுதினார். புகைக்குக் காவல் இருந்தவருக்கு எழுத எந்த எண்ணும் இல்லை. ஷீட் முதல் தரத்தில் போனால் பேர் தோட்டத்துக்கு. கொப்புளம் விழுந்தால் திட்டு அவருக்கு. தினக்கூலிதான். தோட்டம் மூடியபோது மற்றவர்களைப் போல அவரும் கைத்தொழில் தெரியாதவர் கணக்கில் வெளியே வந்தார். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்து ஓய்ந்தார். தெரிந்த தொழில் என்ன என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

ஒரு வேலையை மனிதன் செய்யும்போது அது உடலுழைப்பு. அதையே எந்திரம் செய்யத் தொடங்கியதும் தொழில்நுட்பம். ஜொகூரின் புகை ஷீட் முதல் தரத்தில் போனதற்குப் பின்னால், ராத்திரியில் மூன்று முறை எழுந்து புறங்கையால் கணக்குப் போட்ட இப்படிப்பட்ட ஆட்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்திருக்கிறார்கள். அவர்களில் மிச்சமிருப்பவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். உங்கள் வீட்டிலோ தாமானிலோ அப்படியொருவர் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள்: முதல் நாள் காற்றுவழி எத்தனை அங்குலம் திறந்திருந்தது, எந்த நிறப் புகைக்கு விறகைக் குறைத்தீர்கள், மழை ராத்திரியில் என்ன செய்தீர்கள் என்று. கட்டடங்கள் போய்விட்டன. கணக்கு இன்னும் சில கைகளில் இருக்கிறது.